தாண்டிக்குடி மலையில வீட்டுக்குள்ள டவர் எடுக்க வச்ச வேலை: பூஸ்டர் போடல, போட்டது வேற

மலையில வீட்டுக்குள்ள டவர் எடுக்கலன்னு சொன்னா போதும், அடுத்த நிமிஷமே யாராவது ஒருத்தர் பூஸ்டர் வாங்கிப் போடுங்கன்னு சொல்லிடுவாங்க. ஆன்லைன்ல தேடினா வரிசையா வந்து நிக்குது, ஒரு டப்பா, வெளிய வைக்க ஒரு ஆன்டெனா, உள்ள வைக்க ஒரு ஆன்டெனா, கேபிள், எல்லாம் ஒரே பார்சல்ல. நான் அதை வாங்கல. ஏன் வாங்கல, அதுக்குப் பதிலா என்ன பண்ணுனேன்னு முழுசா எழுதி வைக்கிறேன், பண்ணைக்காடு, பெரியூர், பாச்சலூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு அப்படியே பொருந்தும், நீலகிரியில குந்தா மஞ்சூர் பக்கம் பள்ளத்துல வீடு இருக்கிறவங்களுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமை தான்.

எங்க வீடு தாண்டிக்குடிக்குக் கொஞ்சம் கீழ, காப்பித் தோட்டத்துக்குள்ள, சரிவுல இருக்கு. ஊர்ல டவர் இருக்கு ஆனா அதுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு கரடு, அது மறைச்சிடுது. சுவர் கருங்கல்லு, கூரை தகர ஷீட்டு. வாசல்ல வந்து நின்னா கீழ மருதாநதி அணை, அய்யம்பாளையம், பட்டிவீரன்பட்டி எல்லாம் தெரியும், ராத்திரியில வத்தலக்குண்டு வரைக்கும் லைட்டு தெரியும், அங்கங்க செல்போன் டவர் உச்சியில செவப்பு லைட்டும் தெரியும். இத்தனை டவரைக் கண்ணால பாத்துக்கிட்டே வீட்டுக்குள்ள ஒரு போன் பேச முடியாது. காப்பி யாவாரி கூப்பிட்டா எடுக்க முடியாது, பேங்க் ஓடிபி மேட்டுக்கு ஏறுனா தான் வரும். அப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு, பகல்ல பாதி நேரம் தனியா இருக்காரு, ஒரு அவசரம்னா அவரால மேட்டுக்கு ஏறிப் போய் 108க்கு போன் போட முடியாது, இதுக்காகத்தான் இந்த வேலையில இறங்குனதே.

முதல்ல பூஸ்டர் விஷயம். 2022 ஜூலையில தொலைத்தொடர்புத் துறை தெளிவா சொல்லிட்டாங்க, லைசென்ஸ் வாங்குன டெலிகாம் கம்பெனியைத் தவிர வேற யாரும் மொபைல் பூஸ்டரோ ரிப்பீட்டரோ வச்சிருக்கிறது, விக்கிறது, பயன்படுத்துறது எல்லாமே சட்டவிரோதம்னு. அதுக்கு முன்னாடியும் அனுமதி இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல, 1933ம் வருஷத்து வயர்லெஸ் தந்திச் சட்டத்துல இருந்தே லைசென்ஸ் இல்லாம ரேடியோ கருவி வச்சிருக்கக் கூடாது தான். ஆன்லைன்ல விக்கிறாங்கங்கறதால சட்டப்படி சரின்னு ஆயிடாது.

சட்டத்தை விடுங்க, அது செய்யுற வேலையைப் பாத்தாலே வேண்டாம்னு தோணும். பூஸ்டர்ங்கறது ஒரு ஆம்ப்ளிஃபையர், வெளிய இருக்கிற ஆன்டெனா எதை வாங்குதோ அதை 60, 70 டிபி (டெசிபல், சிக்னல் ஏத்த இறக்கத்தை அளக்கிற கணக்கு) பெருக்கி உள்ள விடும், உள்ள இருக்கிற போன் பேசுறதையும் அதே மாதிரி பெருக்கி வெளிய விடும். உள் ஆன்டெனா விடுறது வெளி ஆன்டெனாவுக்குக் கேட்டுச்சுன்னா அதையும் பெருக்கும், திருப்பிப் பெருக்கும், கோயில் திருவிழாவுல மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போனா கூய்ய்னு கத்துமே அதே தான், ஆனா இந்தக் கத்தல் நம்ம காதுக்குக் கேக்காது, டவருக்குக் கேக்கும். டவர் பக்கம் இரைச்சல் ஏறிடுச்சுன்னா தூரத்துல இருந்து லேசா பேசிக்கிட்டிருக்கிற போன் எல்லாம் அந்த இரைச்சல்ல முங்கிடும். டவுன்ல ஒரு டவர் போனா இன்னொண்ணு இருக்கும், இங்க சுத்துப்பட்டு அத்தனை பேருக்கும் அந்த ஒரு டவர் தான். எங்க வீட்டுல சிக்னல் வரணும்னு மங்களங்கொம்புல யாரோ ஆஸ்பத்திரிக்குப் பேசுற போனை நான் கெடுக்கக் கூடாது, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

சரி, வேலைக்கு வருவோம். எதையும் வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. போன்ல காட்டுற பாயின்ட்டை நம்பாதீங்க, அது ஒவ்வொரு கம்பெனி போனுக்கும் ஒரு மாதிரி. ஆண்ட்ராய்டுல *#*#4636#*#* போட்டா நிறைய போன்ல டெஸ்டிங் மெனு வரும், ஐபோன்ல *3001#12345#* போட்டு கால் பட்டனை அமுக்கணும், இல்லாட்டி பிளே ஸ்டோர்ல நெட்வொர்க் செல் இன்ஃபோ மாதிரி ஆப் இருக்கு. அதுல ரெண்டு நம்பர் பாக்கணும். ஒண்ணு ஆர்எஸ்ஆர்பி, இது சிக்னலோட பலம், மைனஸ் 80ன்னா அருமை, மைனஸ் 100 பரவால்ல, மைனஸ் 115க்குக் கீழ போனா பேச்சு அறுந்துடும். இன்னொண்ணு எஸ்ஐஎன்ஆர், இது சிக்னல் எவ்வளவு சுத்தமா இருக்குங்கறது, 20க்கு மேலன்னா அருமை, 10 நல்லா ஓடும், பூஜ்யத்துக்குக் கிட்ட வந்தா ஒண்ணும் ஓடாது.

எங்க வீட்டுக்குள்ள மைனஸ் 119. வாசல்ல, பள்ளத்தாக்கைப் பாத்து நின்னா மைனஸ் 96, போன்ல மூணு பாயின்ட் காட்டும், ஆனா எஸ்ஐஎன்ஆர் பூஜ்யமும் ஒண்ணுமா ஆடும், ஒரு வாட்ஸ்அப் போட்டோ போகாது. மலையில இருக்கிற நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் தான், ஃபுல்லா சிக்னல் காட்டுது ஆனா நெட்டு வரல, அப்போ கம்பெனிக்காரன் தான் ஏமாத்துறான்னு நினைச்சுக்குவாங்க. காரணம் நம்ம நிக்கிற உயரம். கீழ தரையில இருக்கிறவனுக்குப் பக்கத்துல ஒண்ணு ரெண்டு டவர் தான் கேக்கும், மத்ததை வீடு, மரம், மேடு எல்லாம் மறைச்சிடும். நமக்கு மறைக்க ஒண்ணுமே இல்ல, சித்தரேவுல இருந்து வத்தலக்குண்டு வரைக்கும் அத்தனை டவரும் ஒரே நேரத்துல, ஒரே அலைவரிசையில காதுல கத்துது. பலம் இருக்கு, சுத்தம் இல்ல. இங்க போய் ஒரு பூஸ்டரைப் போட்டா என்ன ஆகும்? நல்ல சிக்னலையும் பெருக்கும், மத்த எல்லா டவரோட இரைச்சலையும் அதே அளவு பெருக்கும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே தான் இருக்கும். பாயின்ட் அஞ்சு காட்டும், நெட்டு அதே மாதிரி நிக்கும்.

இன்னொரு விஷயம் தூரம். கீழ இருக்கிற டவர் எல்லாம் நேர்கோட்டுலயே பன்னெண்டுல இருந்து இருபது கிலோமீட்டர் வரும். 4ஜியில போன் முதல்ல டவரைக் கூப்பிடுறதுக்குன்னு ஒரு நேர அளவு இருக்கு, பொதுவா பயன்படுத்துற அமைப்புல அது சுமார் 14 கிலோமீட்டருக்குத் தான் தாங்கும், அதைத் தாண்டி இருந்தா டவர் பேசுறது நமக்குக் கேக்கும், நம்ம கூப்பிடுறதை டவர் ஏத்துக்காது. பலமும் அப்படித்தான், டவர் இருபது நாப்பது வாட்டுல பேசுது, போன் அதிகபட்சமே 0.2 வாட்டு. பாயின்ட் காட்டுறது டவர் பேசுறதை மட்டும் வச்சுத் தான், நம்ம பேசுறது அங்க போய்ச் சேருதாங்கறது அதுல தெரியாது.

அதனால பள்ளத்தாக்குப் பக்கத்தையே விட்டுட்டேன். வீட்டுக்குப் பின்னாடி கரட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் டவர், அது வெறும் மைனஸ் 110 தான் காட்டுச்சு, ஆனா கூரை மேல ஏறி அளந்தப்ப எஸ்ஐஎன்ஆர் 5, 6 இருந்துச்சு, அதோட அந்தக் கரடு கீழ இருந்து வர்ற இரைச்சலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கு. சிக்னல் கரட்டு உச்சியில வளைஞ்சு இறங்கி வருது. இதுல அலைவரிசை முக்கியம், 850, 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி கீழ் அலைவரிசை மேட்டைத் தாண்டி நல்லா வளையும், 1800ம் 2300ம் அவ்வளவா வளையாது. டவர் எந்தத் திசையில இருக்குன்னு தெரியலன்னா அரசாங்கத்தோட தரங் சஞ்சார் தளத்துல மேப்புல பாக்கலாம், 2017ல இருந்து இருக்கு.

வாங்குனது இதெல்லாம்: சிம் போடுற 4ஜி ரவுட்டர், பின்னாடி ரெண்டு ஆன்டெனா சாக்கெட் இருக்கிற மாடல், செட்டிங்ல பேண்ட் லாக் (ரவுட்டர் நம்ம சொல்ற அலைவரிசையிலயே நிக்கிற மாதிரி பூட்டுறது) பண்ண வசதி உள்ளதா பாத்து எடுத்தேன், அது ரொம்ப முக்கியம். 698ல இருந்து 2700 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் எடுக்கிற லாக் பீரியாடிக் ஆன்டெனா (ஒரு திசையைப் பாத்து மட்டும் நல்லா கேக்கிறது) ரெண்டு. ரெண்டு எதுக்குன்னா 4ஜி ரெண்டு தடத்துல டேட்டா அனுப்பும், டவர்ல இருக்கிற ஆன்டெனா ஒண்ணு இந்தப் பக்கம் 45 டிகிரி, ஒண்ணு அந்தப் பக்கம் 45 டிகிரி சாஞ்சிருக்கும், நம்மளும் அதே மாதிரி ஒண்ணுக்கொண்ணு எதிரா சாச்சு வச்சா தான் ரெண்டு தடமும் தனித்தனியா கேக்கும். இதுல ஆம்ப்ளிஃபையர் எதுவும் கிடையாது, கரண்டே வேணாம், ரவுட்டரோட சொந்தக் குரலையே ஒரு பக்கமா திருப்பி விடுது, அவ்வளவு தான்.

கேபிள்ல தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. கூடவே குடுக்கிற ஒல்லியான ஆர்ஜி58 கேபிள் 850ல மீட்டருக்கு அரை டிபி தின்னும், பத்து மீட்டர் போட்டா 5 டிபி போச்சு, 1800ல இன்னும் அதிகம். எல்எம்ஆர்400 தடிமனா விறைப்பா இருக்கும், வளைக்கக் கஷ்டம், ஆனா பத்து மீட்டருக்கு 1.3 டிபி தான் போகும். 3 டிபின்னா பவர்ல பாதி, அந்தக் கணக்கை மனசுல வச்சுக்கிட்டா எதுல காசு போடணும்னு தெரிஞ்சுடும். முடிஞ்ச வரைக்கும் ரவுட்டரைக் கூரைக்குக் கிட்டவே வச்சு கேபிளைச் சின்னதாக்குங்க, வீட்டுக்குள்ள தூரம் போறதை லேன் கேபிள்ல போய்க்கலாம். கனெக்டர் வாங்கும்போது எஸ்எம்ஏ, ஆர்பி எஸ்எம்ஏ ரெண்டும் வெளிய பாக்க ஒரே மாதிரி இருக்கும், வைஃபை ஆன்டெனாவுக்கு வர்றது ஆர்பி, அது 4ஜி சாக்கெட்டுல மரை ஏறும் ஆனா ஊசி தொடாது. கேபிள் நுனியில திருகுற மூடிக்குள்ள நடுவுல ஊசி இருக்கான்னு பாத்து வாங்குங்க. எல்எம்ஆர்400 நேரா ரவுட்டர்ல மாட்டாதீங்க, அதோட வெயிட்டுக்கு சாக்கெட் உடைஞ்சிடும், கடைசி ஒரு அடிக்கு மெல்லிசான கேபிள் ஒண்ணு இடையில போடணும்.

கம்பத்துக்கு ஒண்ணரை இஞ்ச் ஜிஐ பைப், கூரையில நிக்க வைக்காம பக்கவாட்டு கருங்கல் சுவத்துல கிளாம்ப் அடிச்சு, மூணு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டியாச்சு. வெல்டர் வத்தலக்குண்டுல இருந்து வந்தார், குறுக்குப் பட்டை வச்சு ரெண்டு ஆன்டெனாவுக்கும் நடுவுல முக்கால் மீட்டர் இடைவெளி விட்டோம். குரங்கை மறந்துடாதீங்க, இங்க கூட்டம் கூட்டமா வரும், கம்பி கம்பியா நீட்டிக்கிட்டிருக்கிற ஆன்டெனாவுல ஒரு தடவை தொங்குனா முடிஞ்சது, அதனால பிளாஸ்டிக் உறை மூடுன மாடல் தான் எடுத்தேன். மலை அணில் கேபிளைக் கடிக்கும்னு கேபிள் முழுக்க பிவிசி பைப்புக்குள்ள விட்டாச்சு. வெளிய இருக்கிற ஒவ்வொரு கனெக்டர்லயும் தன்னால ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்தி அதுக்கு மேல கறுப்பு டேப்பு, கேபிள் சுவருக்குள்ள நுழையுற இடத்துல கீழ ஒரு தொங்கல் விட்டா தான் மழைத் தண்ணி அங்கயே சொட்டிடும், உள்ள ஓடி வராது.

இடி விஷயத்துல கொஞ்சம் கூட சமரசம் வேணாம். மலைச்சரிவுல உயரமா ஒரு இரும்புக் கம்பத்தை நட்டு வச்சிருக்கோம், சித்திரை வைகாசியிலயும் ஐப்பசியிலயும் இங்க இடி எப்படி இறங்கும்னு எல்லாருக்கும் தெரியும். கம்பத்துக்குத் தனியா செம்பு பூசுன எர்த் ராடு, குழியில கரியும் உப்பும் போட்டு, கனமான செம்புக் கம்பி வளையாம நேரா இறக்கி, ரெண்டு கேபிளுக்கும் சுவருக்கு வெளியவே கேஸ் டியூப் அரெஸ்டர் மாட்டி, அதையும் அதே எர்த்துல சேர்த்தாச்சு. இது நேரடியா விழுற இடியைத் தடுக்காது, பக்கத்துல விழும்போது கேபிள்ல ஏறுற மின்சாரத்தை மண்ணுல இறக்கும். நேரா விழுற மாதிரி வானம் இருட்டுனா கேபிளைக் கழட்டி வச்சிடுறோம்.

அடுத்தது திசை பிடிக்கிறது, இதுல தான் பொறுமை வேணும். அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான், அவன் உள்ள லேப்டாப்புல ரவுட்டர் பக்கத்தைத் தொறந்து வச்சுக்கிட்டு நம்பரைக் கத்துவான், நான் ஏணியில நின்னு கம்பத்தைத் திருப்புவேன். ஒரு தடவைக்குப் பத்து டிகிரி தான், திருப்பிட்டு ஒரு நிமிஷம் காத்திருக்கணும், ரவுட்டர்ல நம்பர் உடனே மாறாது.

"மாமா, ஏழு... எட்டு... பதினொண்ணு வந்துருச்சு மாமா!"

"பலம் எவ்வளவுடா?"

"அது கொறஞ்சிருச்சு, தொண்ணூத்தி அஞ்சுல இருந்து தொண்ணூத்தி எட்டு. பழையபடி வைங்க மாமா."

"வேணாம்டா, இப்படியே இருக்கட்டும்."

அவனுக்கு அது வித்தியாசமா பட்டுச்சு, இறங்கி வந்து விளக்குனேன். கரட்டுல நடுவுல ஒரு இடுக்கு இருக்கு, அங்க தான் சிக்னல் பலமா வருது, ஆனா அந்தத் திசையில ஓரமா கீழ இருக்கிற டவர் ஒண்ணும் கலந்து வருது. இன்னும் கொஞ்சம் வடக்க திருப்புனா பலம் 3 டிபி குறையுது, கலப்படம் அதை விட ரொம்பக் குறையுது. திசை ஆன்டெனா வாங்குறதோட உண்மையான பிரயோஜனமே இது தான், வேண்டிய பக்கம் கேக்கிறதை விட வேண்டாத பக்கம் காதைப் பொத்திக்கிறது. கடைசியா மைனஸ் 98, எஸ்ஐஎன்ஆர் 13ல நிறுத்தி நட்டை முறுக்கியாச்சு. அப்புறம் ரவுட்டர்ல கீழ் அலைவரிசைக்கு பேண்ட் லாக் போட்டேன், இல்லன்னா அது பலமா தெரியுதேன்னு ராத்திரியோட ராத்திரியா பள்ளத்தாக்கு டவருக்கு ஓடிடும்.

வீட்டுக்குள்ள மைனஸ் 119 இருந்தது இப்போ மைனஸ் 98, 21 டிபி ஏத்தம், பவர் கணக்குல நூறு மடங்குக்கு மேல. ஆனா இதுல ஆன்டெனாவோட பங்கு எவ்வளவுன்னு பாருங்க, அதோட கெயின் (தன் திசையில சிக்னலைக் கூட்டிக் குடுக்கிற அளவு) ஒரு 9 டிபி, ரவுட்டருக்குள்ளயே இருக்கிற ஆன்டெனாவுக்கு 2, 3 இருக்கும், கேபிள் இழப்பைக் கழிச்சா நிக்கிறது அஞ்சே அஞ்சு தான். மீதி எல்லாம் தகரக் கூரைக்கும் கல்லு சுவத்துக்கும் வெளிய போனதாலயும் ரெண்டு ஆள் உயரம் ஏறுனதாலயும் கிடைச்சது. அதனால காசு கம்மியா இருந்தா பெரிய ஆன்டெனாவைத் தேடாம, சின்னதோ பெருசோ ஏதோ ஒண்ணைக் கூரைக்கு வெளிய கொண்டு போறதுல செலவு பண்ணுங்க. வேகம் 10ல இருந்து 15 எம்பிபிஎஸ் வருது, அந்த அலைவரிசையில ரவுட்டர் காட்டுற அகலம் 5 மெகாஹெர்ட்ஸ் தான், அதுல ரெண்டு தடம் வச்சு கணக்குப் போட்டாலே 37 தான் உச்சம், அதை ஊரே பங்கு போட்டுக்குது, எங்களுக்கு இது தாராளம்.

இப்போ நெட்டு வந்துடுச்சு, போன் பேசுறது எப்படி? அதுக்கு வைஃபை காலிங். இந்தியாவுல 2019 டிசம்பர்ல ஏர்டெல்லும் 2020 ஜனவரியில ஜியோவும் ஆரம்பிச்சாங்க, தனி ஆப் வேண்டாம், தனிக் காசும் இல்ல, சாதாரண நம்பருக்கு சாதாரணமா டயல் பண்ண வேண்டியது தான், பேச்சு மட்டும் டவர் வழியா போகாம வைஃபை வழியா போகும். போன் செட்டிங்ல சிம் பக்கத்துல வைஃபை காலிங்னு ஒரு பட்டன் இருக்கும், அதை ஆன் பண்ணி, வைஃபைக்கு முன்னுரிமைன்னு ஒரு ஆப்ஷன் இருந்தா அதையும் தேர்ந்தெடுங்க. வராண்டாவுல லேசா ஒரு பாயின்ட் இருக்கிற இடத்துல போன் அந்த நொண்டி சிக்னலையே புடிச்சுத் தொங்கும், வைஃபைக்கு மாறாது, அப்போ ஏரோபிளேன் மோடைப் போட்டுட்டு வைஃபையை மட்டும் ஆன் பண்ணிக்கிட்டா கண்டிப்பா வைஃபையில தான் போகும். அப்பா போனை வீட்டுக்குள்ள அப்படித்தான் வச்சிருக்கோம், ஓடிபி மெசேஜும் வருது. இன்னொரு நல்லது, டவரைத் தேடித் தேடி சாயங்காலத்துக்குள்ள காலியான பேட்டரி இப்போ ராத்திரி வரைக்கும் நிக்குது. வாங்குறதுக்கு முன்னாடி உங்க போன் மாடலுக்கும் சிம்முக்கும் இந்த வசதி இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க, ரொம்பப் பழைய போன்ல வராது.

கரண்டு போனா ரவுட்டர் நின்னுடும், அதுக்கு 12 வோல்ட் சின்ன டிசி யூபிஎஸ் ஒண்ணு, சில மணி நேரம் தாங்குது. ஆனா ஒரேயடியா ராத்திரி பூரா கரண்டு இல்லாத மழை நாள்ல டவர்ல இருக்கிற பேட்டரியே இறங்கிடும், அப்போ நம்ம பக்கம் எதை வச்சும் பிரயோஜனம் இல்ல. இதைத்தான் ஊர்ல மூடுபனி வந்தா டவர் போயிடும்னு சொல்றாங்க. இந்த அலைவரிசையில மூடுபனியோ மழையோ சிக்னலைத் தடுக்கிறது ஒண்ணுமே இல்லங்கற அளவுக்குத் தான். தடுக்கிறது நனைஞ்ச இலை. எங்க கரட்டுப் பக்கம் வரிசையா சில்வர் ஓக், மிளகுக் கொடி உச்சி வரைக்கும் ஏறிக் கெடக்கு, மழை பேஞ்சு நின்ன உடனே 4, 5 டிபி இறங்கும், வெயில் வந்து இலை காஞ்சதும் தன்னால ஏறிடும். இதுக்காக மரத்தை வெட்டல, வெட்டவும் கூடாது, காப்பிக்கு நிழல் கழிக்கிறப்போ அந்த ஒரு திசையில கிளையைக் கொஞ்சம் கூடுதலா கழிச்சு விடச் சொன்னேன், அதுலயே ஆட்டம் குறைஞ்சிருச்சு.

செலவு கம்பம், வெல்டிங் கூலி, எர்த் எல்லாம் சேர்த்து பதினஞ்சாயிரத்தை ஒட்டி வந்துச்சு, அதுல எல்எம்ஆர்400 கேபிளும் எர்த்தும் தான் பெரிய பங்கு, ரெண்டுலயும் சிக்கனம் பாக்காதீங்க. மேல் வீட்டு அண்ணன் வந்து பாத்துட்டு தனக்கும் இதே மாதிரி செஞ்சு குடுக்கச் சொன்னாரு. அவரு வீடு காங்கிரீட், மாடி ஜன்னல்ல இருந்து ஊர் டவர் கண்ணுக்கே தெரியுது, அங்க அளந்தா மைனஸ் 91, எஸ்ஐஎன்ஆர் 16. உங்களுக்குக் கம்பமும் வேணாம் ஆன்டெனாவும் வேணாம்ணே, ரவுட்டரை மட்டும் அந்த ஜன்னல் திட்டுல வச்சு, பேண்ட் லாக் போட்டு, எல்லார் போன்லயும் வைஃபை காலிங் ஆன் பண்ணுங்கன்னு சொல்லிட்டு வந்தேன், இப்போ அவரு வீட்டுல எல்லாரும் கீழ் ரூம்ல இருந்தே பேசிக்கிறாங்க.